நிவாரணமா, காப்பீடா? பெங்களூரில் இருந்துகொண்டு ஊரில் வயல் வைத்திருப்பவர்களுக்கு

அல்சூரிலும் கே.ஆர்.புரத்திலும் குடியிருந்துகொண்டு, ஊரில் நாலு ஏக்கர் சம்பாவைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். கார்த்திகை மழையில் பயிர் மூழ்கியதும் ஒரு பேச்சு வரும்: "அதான் அரசாங்கம் நிவாரணம் தருதே, இன்சூரன்ஸ் வேற எதுக்கு?"

தொகையைப் பார்ப்போம். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. அதுவும் 2 எக்டேர் வரைதான். 2024 ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழ்நாடு அறிவித்ததும் இதே தொகை. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 6,900 கூட வராது. நடவுக்கூலிக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் ஒரு பகுதி அடையும், அவ்வளவுதான். மாநில அரசு மனம் வைத்தால் கூட்டித் தரலாம்: 2025 செப்டம்பரில் கர்நாடகம் எக்டேருக்கு 8,500 கூடுதலாக அறிவித்தது. ஆனால் இதே கர்நாடகம் 2023 வறட்சிக்காக 18,000 கோடிக்கு மேல் கேட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது ஏறக்குறைய 3,450 கோடி. மாநிலத்துக்கே இந்த இழுபறி.

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் 540 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இழப்பை உங்கள் வயலை வைத்து அளப்பதில்லை. கிராமத்தில் சில இடங்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, கிடைத்த சராசரி மகசூல், முந்தைய ஆண்டுகளை வைத்து நிர்ணயித்த உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் பணம். 40 சதவீதம் குறைந்தால் ஏக்கருக்கு 14,400. வடிகால் ஓரத்து வயல் மட்டும் அழுகி, மேட்டு வயல்களெல்லாம் தப்பித்துவிட்டால் பூஜ்யம். நெல் வயல் மூழ்குவதைத் தனி வயல் சேதமாக ஏற்கும் பிரிவை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும்) பருவம் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஒயிட்ஃபீல்டில் மீட்டிங்கில் இருப்பவருக்கு இது ஆகிற காரியமில்லை, வரப்பில் நிற்பவர்தான் செய்ய முடியும்.

நிவாரணம் அப்படியில்லை. விஏஓவும் வேளாண் அலுவலரும் வயல்வாரியாகப் பார்த்து எழுதுகிறார்கள். தனி வயல் மட்டும் போனவருக்கு அதுதான் கைகொடுக்கும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. 540 ரூபாயை மிச்சம் பிடிப்பது எனக்கு வீண் சாமர்த்தியமாகத்தான் படுகிறது.

இதைவிடப் பெரிய வில்லங்கம், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பது. பட்டாவும் அடங்கலும் நம் பெயரில் இருந்தால் நிவாரணம் நம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் வந்து விழும். விதை வாங்கியவர், களை எடுக்கக் கூலி கொடுத்தவர் குத்தகைக்காரர். மெசேஜ் வருவது இந்திரா நகரில் இருக்கும் நம் போனுக்கு. "குத்தகையில் கழிச்சுக்கலாம்ணே" என்று அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். குத்தகைதாரரும் காப்பீட்டில் சேரலாம் என்பதால், நான் சொல்வது இது: சிட்டா நகலையும் சம்மதக் கடிதத்தையும் கொடுத்து, பாலிசியை அவர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதே முடித்துவிடலாம். நிவாரணம் உங்கள் கணக்குக்கு வந்தால், அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.