‘ஃபார்மேட் அடிச்சாதான் சார் சரியாகும்’: அட்மின் உரிமை போன லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன்

லேப்டாப் நன்றாகத்தான் ஓடும். பிரிண்டர் டிரைவர் போடப் போனால் மட்டும் திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி வரும். அதில் ‘யெஸ்’ பொத்தான் அமுங்காது. பாஸ்வேர்டு அடிக்கவும் இடம் இருக்காது. அந்த விண்டோஸில் எல்லா மாற்றமும் செய்ய உரிமையுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின்) கணக்கு இப்போது இயங்குவதாக ஒன்றுகூட இல்லை என்பதற்கு இதுதான் அடையாளம். உங்கள் கணக்கு ‘ஸ்டாண்டர்டு’ என்ற உரிமை குறைந்த வகையாக ஆகியிருக்கும், இருந்த மற்றொரு அட்மின் கணக்கை யாரோ முடக்கியோ நீக்கியோ இருப்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்கோ விண்டோஸுக்கோ ஒரு கேடும் இல்லை.

இதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் பலர் கேட்டு வந்த பதில், “வைரஸ் ஏறியிருக்கு, ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்.” ஃபார்மேட்டுக்கு ஒரு தொகை, ‘ஒரிஜினல் விண்டோஸ்’ போட்டதாக இன்னொரு தொகை. போட்டோக்கள் போய்விடும். டிஸ்க் எஸ்எஸ்டி (சிப் வகை) என்றால் அழிந்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது. அழித்த இடத்தை அதுவே காலி செய்துவிடும்.

செய்ய வேண்டியது சில நிமிட வேலை. லாகின் திரையில் பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4 அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ். வேறு அட்மின் கணக்கே இல்லாத வீட்டுக் கணினியில், முடங்கிக் கிடக்கும் உள்ளமைந்த ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கைச் சேஃப் மோடில் மட்டும் விண்டோஸே திறந்துவிடும். இப்படிப்பட்ட அவசரத்துக்காகவே மைக்ரோசாஃப்ட் வைத்த வழி அது. யாரும் மாற்றியிருக்காவிட்டால் அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. உள்ளே போய் கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸ் திறந்து, உங்கள் கணக்கின் வகையை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று மாற்றிவிட்டு, வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சேஃப் மோடில் அந்தக் கணக்கு தென்படவில்லையா? அப்படியானால் வேறு ஏதோ ஒரு அட்மின் கணக்கு உயிரோடு இருக்கலாம். அது லேப்டாப்பை விற்றவர் முதல் நாளில் போட்டுக் கொடுத்த கணக்காகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து. ‘நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்’ என்று கடைக்காரர் தன் மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்துவிட்டால், அட்மின் உரிமை அவருடையது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். பின்னொரு நாள் நீலத் திரை அந்த எண்ணைக் கேட்கும்போது உங்களிடம் இருக்காது. மேலே சொன்ன சேஃப் மோடு வழியிலும் அது கேட்கப்படலாம். ஆகவே இன்றே மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் கீ இருக்கிறதா என்று பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கீ இல்லாத நிலையில் ‘உடைத்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவர் பொய் சொல்கிறார்; அதை உடைக்க நடைமுறையில் வழி இல்லை.

மறந்தது பாஸ்வேர்டு மட்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போனிலேயே மாற்றலாம். அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்குக்கு, தவறாக ஒருமுறை அடித்தால் கீழே ‘ரீசெட்’ வரும், தொடக்கத்தில் வைத்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். கடையில் பென்டிரைவ் போட்டு லோக்கல் பாஸ்வேர்டை நீக்கித் தருவார்கள். அப்படி நீக்கினால் குரோமில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகலாம், ஏனென்றால் அவற்றின் பூட்டு பழைய பாஸ்வேர்டோடு கட்டப்பட்டது. இதை முன்கூட்டியே சொல்லும் கடைக்காரரை நம்பலாம்.

ஏற்கெனவே ஃபார்மேட் ஆகி வந்துவிட்டதா? செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பின் லைசன்ஸ் மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பை மறுபடி போட ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. வாங்கியபோது ‘ஹோம்’, இப்போது ‘ப்ரோ’ என்றிருந்து, நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவையால் இயங்குவதாக எழுதியிருந்தால் திருட்டு விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பாருங்கள். லைசன்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓட வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர்கள் தங்களை டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்) பிடிக்காதிருக்க அங்கே ஒரு ஃபோல்டரைச் சேர்த்து வைப்பது வழக்கம். நீங்கள் சேர்க்காதது இருந்தால், அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம். ‘அதர் யூசர்ஸ்’ பட்டியலில் தெரியாத பெயர் இருந்தாலும் அப்படியே.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ‘அனுமதியின்றி ஃபார்மேட் செய்யக்கூடாது’ என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள், பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் ‘மைக்ரோசாஃப்டிலிருந்து’ என்று பேசி எனிடெஸ்க் (தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் செயலி) போடச் சொன்னவரிடம் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.