கோள் கடப்பைப் பிடிக்க டிஎஸ்எல்ஆரா, குளிரூட்டும் மோனோ கேமராவா?

எச்டி 189733 பி என்ற வெளிக்கோள் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) நம் பார்வையில் தன் சூரியனுக்கு முன்னால் கடக்கச் சுமார் 1.8 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒளி ஏறக்குறைய 2.4 சதவீதம் மங்கும். விண்மீனோ 7.7 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்). இதற்குக் கையிலிருக்கும் டிஎஸ்எல்ஆரே போதும். ஃபோகஸைச் சற்றுத் தளர்த்தி ரா வடிவில் எடுங்கள். டிபேயர் செய்யாமல் (வண்ணப் படமாக மாற்றாமல்) பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து அளந்தால் ஒளி மங்கும் பள்ளம் தெரிந்துவிடும். விலையிலும் அதுதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை.

ட்ரெஸ்-3 பி என்ற கோளின் விண்மீன் போல 12 மேக்னிட்யூடைத் தாண்டினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். அங்கே என் ஓட்டு மோனோவுக்கு, அதாவது சென்சாரைக் குளிர்விக்கும் கறுப்பு வெள்ளைக் கேமராவுக்கு. காரணம் வெப்பநிலை.

கடப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்தால் மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடும். டிஎஸ்எல்ஆரின் சென்சார் அதற்குள் சூடேறிவிடும். சாயங்காலம் எடுத்த டார்க் (ஒளி புகாமல் மூடி எடுத்து, சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க உதவும் படம்) நள்ளிரவுப் படத்துக்குப் பொருந்தாது. 'விண்மீனைச் சுற்றியுள்ள பின்னணி வளையத்தைக் கழித்தால் சரியாகிவிடுமே' என்பார்கள். சராசரி சரியாகும், விண்மீன் ஒளியை அளக்கும் வட்டத்துக்குள் விழுந்த ஹாட் பிக்சல் (ஒளி இல்லாமலே பிரகாசமாகத் தெரியும் பிக்சல்) போகாது. கேமராவைத் தாங்கி வானைப் பின்தொடரும் மவுன்ட் பத்துப் பிக்சல் நகர்ந்தால் அது வட்டத்துக்கு வெளியே போகும், ஒளிவளைவில் (நேரத்துக்கு ஏற்ப ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) ஒரு படி விழும். பார்க்கக் கடப்பின் தொடக்கம் போலவே இருக்கும்! கேமராவே டார்க் கழிக்கும் வசதியைப் போட்டாலோ, பாதி நேரம் மூடிய ஷட்டருக்கே போய்விடும்.

மோனோவில் 0 டிகிரி வைத்தால் இரவு முழுக்க 0தான். அதே கெயின், ஆஃப்செட் (கேமராவின் சிக்னல் பெருக்கம், அடிப்படை அளவு) அமைப்பில் 60 விநாடியில் 30 டார்க் எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் உதவும். இரவிலும் 28 டிகிரி அடிக்கும் ஊரில் பேராசைப்பட்டு -15 கேட்காதீர்கள். கூலர் 100 சதவீதத்தில் முட்டி நிற்கும், வெப்பநிலை மறுபடி அலையும். 80 சதவீதத்துக்குள் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் தீர்ந்தால் சென்சார் முன் பனி படியும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஃபிளாட் (தூசி, ஓர மங்கலைச் சரிசெய்யச் சீரான ஒளியில் எடுக்கும் படம்) எடுக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஃபோகஸ் தளர்த்துவதும் அப்படியே: 0.3 சதவீதத் துல்லியத்துக்கு ஒரு படத்தில் 1,10,000 எலக்ட்ரான் வேண்டும், ஒரு பிக்சல் பெரும்பாலும் அவ்வளவு தாங்காது, அதனால் ஒளியைப் பல பிக்சல்களில் பரப்புகிறோம்.

டிஎஸ்எல்ஆர்தான் என்றால் டார்க்கை முன்னும் பின்னும் எடுங்கள். நெபுலாப் படத்துக்குப் போட்ட டிதரிங் (ஒவ்வொரு படத்துக்கும் இடையே வேண்டுமென்றே சற்று நகர்த்துவது) அப்படியே இருந்தால் முதலில் அதை அணையுங்கள்.