பழைய வீடியோ கேம் தொடரா, புதுத் தொடரா? ஒரு டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கிறது

மன்னார்குடியில் பள்ளி விட்டதும் நாங்கள் ஓடியது பிரவுசிங் சென்டருக்கு. அங்கே ஜிடிஏ தொடரின் வைஸ் சிட்டி விளையாட்டு. 2002-இல் வந்தது, அதில் குறுக்குவழியாக அடிக்கும் ரகசியச் சொற்களான சீட் கோடுகள் எங்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஜிடிஏ என்ற பெயரைப் பார்த்தால் இன்றும் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. நீண்ட தொடர்களின் பலமே இந்தப் பழக்கம்தான்.

பொங்கலுக்கு அத்தை பிள்ளைகள் வந்தால் கால்பந்து விளையாட்டைப் போடுவோம். யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம், அரை நிமிடத்தில் சத்தம் தெருவரை கேட்கும். 1993-இல் ஃபிஃபா என்று தொடங்கி 2023-இல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று பெயர் மாறிய பிறகும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. இதை எந்தப் புதுத் தொடராலும் தர முடியாது. ஆனால் வீரர்கள் அணி மாறினார்கள் என்பதற்காக வருடாவருடம் முழு விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வருடாவருடம் புதுப் பாகம் இறக்குவது விளையாட்டையே கெடுத்தும்விடும். அசாசின்ஸ் க்ரீட் தொடர் 2014-இல் யூனிட்டி என்ற பாகத்தைப் பிழைகளோடு வெளியிட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2016-இல் முதன்மை விளையாட்டு எதுவும் விடாமல் மூச்சு வாங்கி, 2017-இல் எகிப்தில் நடக்கும் ஆரிஜின்ஸோடு வந்தது. சண்டை முறையையே மாற்றியிருந்தார்கள். காட் ஆஃப் வார் தொடர் 2018-இல் கிரேக்கத்தை விட்டு வட ஐரோப்பியப் புராணத்துக்குப் போனதும் அப்படித்தான். அதன் நாயகன் க்ரேட்டோஸைக் கோபக்காரனாக மட்டுமே பார்த்திருந்த நமக்கு, மகனிடம் பேசத் தெரியாமல் தவிக்கும் அப்பனாகக் காட்டினார்கள். பழைய பெயர் இருந்ததால்தான் அந்த மாற்றம் அவ்வளவு ஆழமாகப் பட்டது.

புதுத் தொடரில் ஆபத்து நிஜம். 2024 ஆகஸ்டில் வந்த கன்கார்ட் என்ற புது விளையாட்டை இரண்டே வாரத்தில் நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் என் ஓட்டு புதுசுக்குத்தான், செய்பவர்கள் கை பழகியவர்களாக இருந்தால். ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா நிறுவனம் 2004 முதல் கில்ஜோன் என்ற துப்பாக்கித் தொடரைச் செய்துவந்தது. 2017-இல் அதே கைகள் ஹொரைசன் சீரோ டான் என்ற புது விளையாட்டைச் செய்தன. புல்லுக்குள் பதுங்கி, இயந்திர விலங்கின் எந்தப் பாகத்தை அம்பால் பெயர்க்கலாம் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட முதல் இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பழைய தொடரின் ஏழாம் பாகத்தில் அந்த இரவு கிடைக்காது.

சரி, பொங்கலுக்கு எதை வாங்குவது? கால்பந்து டிஸ்க்கை அத்தை மகன் கொண்டுவருவான். நான் புதுசு வாங்குகிறேன். காணும் பொங்கல் முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பும்போது மாற்றிக்கொள்வோம்.