டிஜிட்டல் வெல்பீயிங்: மனச்சோர்வில் இருப்பவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பெரும்பாலானோரிடம் இந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. காசு கிடையாது, தனியாக இறக்கவும் வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்து கீழே போனால் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒரு வரி இருக்கும். 2018-இல் ஆண்ட்ராய்டு 9 காலத்தில் கூகுள் இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐஓஎஸ் 12-இல் ஆப்பிள் 'ஸ்கிரீன் டைம்' கொடுத்தது. பிள்ளைகளின் போனைக் கட்டுப்படுத்த இவை எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்ப்பது, மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, ராத்திரி ஒரு மணிக்கும் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கும் முப்பது நாற்பது வயதுக்காரருக்கு இது பயன்படுமா என்பதை. அளந்து காட்டுவதில் கெட்டிக்காரக் கருவி. பூட்டுப் போடச் சொன்னால் சொதப்புகிறது.

முதலில் அளவு. உள்ளே போனதும் ஒரு வட்டம். அதில் இன்றைய மொத்த நேரம், கீழே போனை எத்தனை தடவை திறந்தோம், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்ற எண்கள். எல்லோரும் பார்ப்பது மொத்த நேரத்தைத்தான். அந்த எண் ஏமாற்றும். மேப்ஸைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும் டெலிவரிக்காரருக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் காட்டலாம். சமைக்கும்போது யூடியூபில் பாட்டு ஓடினால் அதுவும் கணக்கில் ஏறும். திரை எரிந்தபடி செயலி முன்னால் நின்றால் இதற்கு அது 'பயன்பாடு', அவ்வளவுதான். ஆகவே வட்டத்தைத் தட்டி டாஷ்போர்டுக்குள் போங்கள். மேலே உள்ள பட்டியலை 'எத்தனை முறை திறக்கப்பட்டது' என்று மாற்றுங்கள். ஒரே செயலியை நாளுக்கு எண்பது தடவை திறந்து, மொத்தமாக நாற்பது நிமிடம்தான் இருந்தால், அங்கே பொழுதுபோக்கு எதுவும் நடக்கவில்லை. மனம் நிலைகொள்ளாமல் கை தானாகப் போகிறது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வரும் பழக்கம் இது. மொத்த மணி நேரத்தில் இது தெரியாது.

ஐபோன் இந்த இடத்தில் ஒரு படி மேல். போனைக் கையில் எடுத்ததும் முதலில் திறந்த செயலி எது என்று அது தனியே பட்டியல் போடுகிறது. ஆண்ட்ராய்டில் அந்த வசதி இல்லாதது பெரிய குறை.

முதல் 7 நாள் எந்த டைமரும் வைக்க வேண்டாம். பார்த்துக் குறித்தால் போதும். நாம் போனில் செலவிடும் நேரத்தை நாமே சரியாகச் சொல்வதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. தினமும் படுக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைய தூக்கம் எத்தனை மணி, மனநிலை பத்துக்கு எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதினால், மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதம் நிறையப் பேசும்.

இனி டைமர். டாஷ்போர்டில் செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் மணல்கடிகாரத்தைத் தட்டி 30 நிமிடம் என்று வைத்தால், நேரம் முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும், ஐகான் மங்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே இடத்துக்குப் போய் டைமரை எடுத்துவிட நாலைந்து தட்டல் போதும், கடவுச்சொல் கூடக் கேட்காது. செயலியை மூடினால் குரோமில் அதே தளத்தைத் திறக்கலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய கோளாறு இன்னொன்று: டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது. 11:40-க்கு இன்ஸ்டாகிராம் மூடிக்கொண்டது என்று வையுங்கள். தூக்கம் வராமல் புரளும் ஆள் இருபது நிமிடம் காத்திருந்தால் புத்தம்புது 30 நிமிடம் கையில் வந்து விழுகிறது. போனை எடுக்கவே கூடாத நேரத்தில் பரிசு கொடுக்கும் பூட்டு! ஐபோனின் ஆப் லிமிட்டும் நள்ளிரவில்தான் புதுப்பிக்கிறது.

டிஜிட்டல் வெல்பீயிங்கிலேயே இருக்கும் பெட்டைம் மோட் இதைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். செய்யாது. அது திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், ஓசையை அடக்கும். எந்தச் செயலியையும் மூடாது. மூடுவது ஃபோகஸ் மோட். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் பலன். ஃபோகஸ் மோடில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், செய்திச் செயலிகள், குரோம் ஆகியவற்றைத் தேர்ந்து, இரவு 10:30 முதல் காலை 6:30 வரை எல்லா நாளும் என்று அட்டவணை வையுங்கள். பெட்டைமை அரை மணி முன்னதாக, 10 மணிக்கு. அதில் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளைத் திரை), டூ நாட் டிஸ்டர்ப் (ஓசை அடக்கல்) இரண்டும் ஆன். 'சிறு இடைவேளை' என்று ஃபோகஸ் மோட் 5, 15, 30 நிமிடம் தரும். அந்தக் கதவை அடைக்க வழியில்லை. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுவது அதை விடப் பலன் தரும். விடியக்காலை எழுப்ப நூற்றைம்பது இருநூறு ரூபாய் அலாரம் கடிகாரம் போதும்.

கிரேஸ்கேலில் ஒரு சின்னத் தொல்லை: வாட்ஸ்அப்பில் நீல டிக்கும் சாம்பல் டிக்கும் ஒன்றுபோல் தெரியும். படித்தாரா இல்லையா என்று பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறவருக்கு அதுவே ஒரு நன்மைதான்.

வாட்ஸ்அப்பையும் போன் அழைப்பையும் முடக்க வேண்டாம். மனச்சோர்வில் ஆள் தானாகவே ஒதுங்கிக்கொள்வார்; அவரை அண்ணன், தோழி, பிள்ளையிடமிருந்து கருவியும் சேர்ந்து பிரிக்கக் கூடாது. டூ நாட் டிஸ்டர்பில் 'ஸ்டார் போட்ட தொடர்புகள்' மட்டும் அழைக்கலாம் என்று வைத்து, மூன்று நான்கு பேருக்கு ஸ்டார் போடுங்கள். 'மீண்டும் அழைப்பவர்' என்பதையும் ஆன் செய்தால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வரும்போது மணி அடிக்கும்.

பூட்டு வலுவாக வேண்டுமென்றால் ஐபோன்தான். அங்கேயும் சும்மா லிமிட் வைத்தால் 'இன்று மட்டும் விடு' என்ற பொத்தான் வந்து நிற்கும். ஸ்கிரீன் டைமுக்கு நான்கு இலக்கக் கடவு எண் போட்டு, 'லிமிட் முடிந்ததும் தடு' என்பதை ஆன் செய்ய வேண்டும். எண்ணை வீட்டில் வேறொருவர் போடட்டும், நமக்குச் சொல்ல வேண்டாம்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் சேர்த்துப் போடத் தக்கது 'ஒன் செக்' என்ற செயலி. நாம் குறித்துவைத்த இன்ஸ்டாகிராம் போன்ற செயலியைத் தட்டினால் உடனே திறக்காமல் ஒரு மூச்சு விடச் சொல்லி, 'இன்னும் வேண்டுமா?' என்று கேட்கும். 2023-இல் வெளியான ஆய்வில் 36 சதவீதத் தடவை பயனர்கள் அந்த இடத்திலேயே திரும்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் திறக்க முயல்வதே 37 சதவீதம் குறைந்தது. ஒன் செக்கை உருவாக்கியவரும் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போனைக் குறைத்தால் மனச்சோர்வு குறையுமா? ஓரளவுக்கு. 2018 அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முன் நடந்த ஆய்வில், நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தியவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிச்சமானது. மனநிலையும் தேறியது, ஆனால் சிறிதளவே. 2025-இல் வெளிவந்த இன்னொன்றில் 467 பேரிடம் போனில் இணையத்தை மட்டும் இரண்டு வாரம் தடுக்கச் சொன்னார்கள். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் உண்டு. பயன்பாடு 314 நிமிடத்திலிருந்து 161-ஆக இறங்கியது, மனச்சோர்வு அறிகுறிகளும் கணிசமாகக் குறைந்தன. மிச்சமான நேரத்தில் மக்கள் வெளியே போனார்கள், ஆட்களைப் பார்த்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள். வெறுமனே தடுத்துவிட்டு, காலியான நேரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ராத்திரி பூட்டும்போதே காலை 6:30-க்கு நடைக்கு யாரோடு போவது என்பதையும் பேசி வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பலருக்கு மனச்சோர்வு முந்தி வந்திருக்கும், போன் அதற்கு ஒதுங்கிய நிழல். அவர்களுக்கு டைமர் மட்டும் போதாது. இதைப் பிரித்தறிய, மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் உதவும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. இரண்டு மூன்று வாரம் இரவுப் பூட்டைப் போட்ட பிறகும் 10 அல்லது அதற்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் 'ஷட் கிளினிக்' என்ற தனிப் பிரிவே தொழில்நுட்பப் பழக்கத்துக்காக இயங்குகிறது. ஒன்பதாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே இந்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் எண் 1926. ஃபோகஸ் மோட் எதை அடைத்தாலும் போன் அழைப்பை அடைக்காமல் விடச் சொன்னது இதற்காகவும்தான்.