சிட்டி ஓரத்து கேம்ப்சைட்டா, தள்ளி இருக்குறதா?

டென்ட்ல தங்கிட்டு பகல்ல ட்ரெயின் புடிச்சு சிட்டி சுத்தணும்னா பெரும்பாலும் இந்த ரெண்டுலதான் குழப்பம் வரும், மெட்ரோ லைன் முடியுற ஓரத்துல ஒரு சைட், இல்ல ஒரு மணி நேரம் தள்ளி சின்ன ஸ்டேஷன் பக்கத்துல ஒண்ணு.

வாடகை: ஓரத்துல பொதுவா ஜாஸ்தி.
தள்ளிப் போனா கம்மி, ஆனா டிக்கெட்டை ஆள் கணக்குல போக வரன்னு கூட்டிப் பாருங்க, நாலு பேர்னா மிச்சம் புடிச்சது அங்கயே போயிடலாம்.

ட்ரெயின்: ஓரத்துல ஒண்ணை விட்டா அடுத்தது வந்துரும்.
தள்ளி இருந்தா மணிக்கு ஒண்ணுதான் இருக்கலாம், ஞாயித்துக்கிழமை இன்னும் கம்மி, அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே கடைசி ட்ரெயின் டைம் பாத்துருங்க, இல்லன்னா ராத்திரி டாக்ஸிக்கு அழணும். இன்னொண்ணு, ஸ்டேஷன்லேர்ந்து 1 கிமீன்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க, அது நேர்கோட்டு தூரமா இருக்கலாம், நடுவுல ஹைவேயோ ஆறோ இருந்தா பையைத் தூக்கிட்டு சுத்திதான் போகணும், மேப்ல நடக்குற வழியைப் போட்டுப் பாருங்க.

தூக்கம்: ஓரத்துல ரோட்டு சத்தம், லைட்டு.
தள்ளி இருந்தா அமைதி (தண்டவாளத்தை ஒட்டி இல்லாத வரைக்கும், கூட்ஸ் வண்டி ராத்திரிலயும் ஓடும்).

சிட்டிக்குன்னே ரெண்டு மூணு நாள் வர்றவங்க ஓரத்தையே எடுங்க, காசு போனாலும் பரவால்ல. ஒரு வாரம் ஓய்வா இருந்துட்டு நடுவுல ஒரு நாள் மட்டும் சிட்டி போதும்னா தள்ளிப் போங்க.