சொந்த இயந்திரமா, வாடகை இயந்திரமா: டர்பன் ஒப்பந்தக்காரருக்கான ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சிறிய அளவில் கட்டுமான ஒப்பந்தம் எடுப்பவர், சாட்ஸ்வர்த்தில் இருந்தாலும் பீனிக்ஸில் இருந்தாலும், முதன்முதலில் சொந்தமாக வாங்க நினைக்கும் பெரிய இயந்திரம் பெரும்பாலும் டிஎல்பியாகவே இருக்கும். முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட அந்த ஒரே இயந்திரம் அஸ்திவாரம் தோண்டும், குழாய்ப் பள்ளம் வெட்டும், மண்ணை லாரியில் அள்ளிப்போடும். அதைப் புதிதாக வாங்குவதா, பழையதாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விக்கு விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதால் மட்டும் விடை கிடைக்காது. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அதற்கு உண்மையில் வேலை இருக்கும் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

சொந்த இயந்திரத்தின் செலவில் ஒரு பகுதி, அது ஓடினாலும் நின்றாலும் நம்மைத் தொடரும்: வங்கித் தவணை, வட்டி, காப்பீடு, மதிப்புத் தேய்வு, திருட்டுக்கு அஞ்சிப் பொருத்தும் கண்காணிப்புக் கருவியின் மாதக் கட்டணம். ஒரு கணக்குக்காக, இவையெல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3,60,000 ராண்ட் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் 1,200 மணி நேரம் ஓடினால் மணிக்கு 300 ராண்ட். 400 மணி நேரம் மட்டுமே ஓடினால் 900 ராண்ட். இத்துடன் பராமரிப்புச் செலவைக் கூட்டி வரும் தொகையைத்தான், வாடகை நிறுவனம் சொல்லும் ‘டிரை ரேட்’டுடன், அதாவது ஓட்டுநரும் டீசலும் சேராத கட்டணத்துடன், ஒப்பிட வேண்டும். ஓட்டுநரும் டீசலும் அடங்கிய ‘வெட் ரேட்’டுடன் ஒப்பிட்டுவிட்டு, வாடகை கட்டுப்படியாகாது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு; அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே பிழையானது.

மணி நேரத்தை மதிப்பிடும்போது நம் ஊர் நாட்காட்டியையும் மறக்கக் கூடாது. குவாசுலு-நடாலில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை கட்டுமானத் துறையே விடுமுறையில் இருக்கும். தவணை அந்த நாட்களுக்கும் சேர்த்தே போகிறது.

வாடகையின் பெரும் பலம், பழுது பிறருடைய பொறுப்பு என்பதுதான். அதன் பலவீனம் ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது: இயந்திரத்தை ஏற்றிவரும் லோபெட் லாரியின் கட்டணம், ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்ற நிபந்தனை, சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற பிரிவு. ரோலர், பெரிய எக்ஸ்கவேட்டர் போன்று ஆண்டில் சில வாரங்களே தேவைப்படுபவற்றைச் சிறிய நிறுவனம் வாங்கவே கூடாது என்பேன். வரியைச் சொல்லி வாங்கத் தூண்டுபவர்களும் இருக்கிறார்கள். சிறு வணிக நிறுவனமாகத் தகுதி பெறுபவர் இயந்திர விலையை மூன்று ஆண்டுகளில் முறையே 50, 30, 20 விழுக்காடாக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் தொழிலுக்காகக் கட்டும் வாடகையும் செலவாகக் கழிக்கப்படுகிறது. வேலையில்லாத இயந்திரத்தை எந்த வரிச்சலுகையும் லாபமாக்கிவிடாது.

புதியது, பழையது இரண்டில், ஆண்டு முழுவதும் வேலை உறுதியாக உள்ளவருக்கே புதியது பொருந்தும் என்று கருதுகிறேன். மதிப்பு மிக வேகமாகக் குறைவது தொடக்க ஆண்டுகளில்தான். அந்தத் தேய்வை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குவது அறிவுடைமை. எனினும் மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தோண்டும் கையின் மூட்டுகளில் உள்ள பின்களும், அவற்றைத் தாங்கும் வளையங்களான புஷ்களும் எவ்வளவு ஆடுகின்றன என்று அசைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் எண்ணெயிலும் ஹைட்ராலிக் எண்ணெயிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பவர் மாதிரி எடுக்கவே மறுத்தால், பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

வாங்கிய பின் வரும் கேள்வி, விற்பனையாளரின் சர்வீஸ் ஒப்பந்தமா, வெளி மெக்கானிக்கா என்பது. உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒப்பந்தமே பாதுகாப்பானது. அதன் பிறகு நல்ல மெக்கானிக் ஒருவர் அமைந்தால் செலவு குறையும். ஆனால் எண்ணெய் ஆய்வைக் கைவிடக் கூடாது. எண்ணெயில் இரும்புத் துகள் கூடினால் சிலிண்டரோ பற்சக்கரமோ தேய்கிறது. செம்பு கூடினால் புஷ், பேரிங் மீது ஐயம் கொள்ள வேண்டும். சிலிக்கான் கூடினால் காற்று ஃபில்டர் வழியாகப் புழுதி நுழைகிறது. சோடியம் கூடினால் குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஓர் என்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் பணம் மிகச் சிறியது.

மண்ணுக்கேற்பவும் கவனம் மாற வேண்டும். கடற்கரையை ஒட்டிய பெரீயா சிவப்பு மணல் எளிதில் தோண்ட வரும். அதன் நுண்புழுதிக்காகக் காற்று ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். குளூஃப், ஹில்கிரெஸ்ட் பக்கத்து மணற்கல் குவார்ட்ஸ் மிகுந்தது. வாளிப் பற்களையும், எக்ஸ்கவேட்டராக இருந்தால் அதன் சங்கிலித் தடத்தையும் அது அரித்துவிடும். சங்கிலித் தடமுள்ள இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் பெரும் பங்கை அந்த அடிப்பகுதியே விழுங்குகிறது. அடிக்கடி இடம் மாற வேண்டிய சிறு பணிகளுக்கு டயரில் ஓடும் டிஎல்பி சிக்கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்காற்றின் உப்பு மின் இணைப்புகளைக் கெடுப்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். டீசலிலோ, மில்லியனுக்கு 50 பங்கு கந்தகம் கொண்டதும் 500 பங்கு கொண்டதுமாக இரு வகைகள் விற்கப்படுகின்றன. புதிய என்ஜின்களுக்கு முதல் வகையே ஏற்றது. இரண்டாவதை ஊற்றினால் எண்ணெய் விரைவில் கெடும்.

2014ஆம் ஆண்டின் கட்டுமான ஒழுங்குவிதிகள், ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் இயந்திரத்தைச் சோதித்து, வண்டியிலேயே இருக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கின்றன. ஆய்வாளருக்குக் காட்டுவதற்காக மட்டும் கையெழுத்திட்டு வைக்கும் வழக்கம் வருந்தத்தக்கது. பின்களுக்குக் கிரீஸ் அடித்ததும், ஹோஸில் கசிவு கண்டதும், வேலையின்றி என்ஜின் வெறுமனே ஓடிய நேரமும் அதில் ஒழுங்காகப் பதியப்பட்டால், மூன்று மாதங்களில் அந்த இயந்திரத்தின் உண்மையான மணிச் செலவு உரிமையாளரின் கையில் இருக்கும். அந்தத் தொகை டிரை ரேட்டைத் தாண்டி நின்று, வரும் மாதங்களிலும் வேலை கூடும் என்ற உறுதி இல்லையென்றால், இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றுவிட்டு வாடகைக்கு மாறுவதே சரி.