கம்பிக் கடையில் டேலி: 14 வருட அனுபவம்

2016 மார்ச் 31 இரவு ஸ்டாக் எடுத்தோம். கணினியில் 8 மி.மீ. கம்பி மைனஸ் 310 கிலோ என்று நின்றது. குடோனில் போய்ப் பார்த்தால் சுவரோரம் இரண்டு கட்டுக் கம்பி சாவகாசமாகச் சாய்ந்து கிடந்தது. "இல்லாத கம்பிய எப்படித் தாயி வித்தோம்?" என்று கேட்டார் கடை முதலாளி அண்ணாச்சி. என்னிடம் பதில் இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லியும் குற்றமில்லை, நாங்கள் அடித்துக் கொடுத்ததைத்தான் அது கூட்டிக் கழித்துக் காட்டியது.

கோவில்பட்டிப் பக்கம் கம்பி, சிமெண்ட், பைப் விற்கும் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஆறேழு கோடி வியாபாரம். 2012இல் டேலி.ஈஆர்பி 9 வாங்கினோம். அதுவரை அண்ணாச்சியின் சட்டைப்பைச் சிட்டையும் சிவப்பு அட்டைப் பேரேடும்தான் கடை. 2021இல் அதன் புதிய பதிப்பான டேலிபிரைமுக்கு மாறினோம். இப்போது 14வது வருடம் ஓடுகிறது. "டேலி எப்படிக்கா, வாங்கலாமா?" என்று பக்கத்துக் கடைப் பிள்ளைகள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பில் போடவா, சரக்குக் கணக்கு வைக்கவா? பில் மட்டும் போட எந்த மென்பொருளும் போதும். சரக்குக் கணக்குக்கு என்றால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்களுக்கு நிறுவித் தந்தவர் அரை நாள் இருந்தார். எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்6 பணம் வந்தால், எஃப்5 பணம் போனால். காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சரக்கு வந்ததைப் பதிய ரிசீப்ட் நோட், போனதைப் பதிய டெலிவரி நோட் என்று இரண்டு வவுச்சர்கள் (பதிவு வகைகள்) உள்ளே இருப்பதே எனக்கு ஐந்து வருடம் தெரியாது. ஆர்டர் வவுச்சர்களும் அப்படித்தான், அணைந்தே கிடந்தன.

அதனால் என்ன ஆனது என்றால், சனிக்கிழமை சாயங்காலம் லோடு இறங்கும். சப்ளையர் பில் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வரும். ஞாயிறும் திங்களும் அந்தச் சரக்கிலிருந்தே விற்போம். கணினிக்கு அது வந்த சேதியே தெரியாது, ஸ்டாக் மைனஸில் போகும். பில் வந்ததும் பழைய தேதியில் கொள்முதல் போட்டுச் சரிக்கட்டுவேன். சில சமயம் மறந்தும் போவேன். மைனஸ் என்பது எங்கள் கடையில் தூசி மாதிரி பழகிப்போன விஷயம், யாரும் நின்று பார்ப்பதில்லை.

கண் திறந்தது ஒரு பைப் பில்லால். ஒரு சப்ளையருக்கு நாலு இஞ்ச் பி.வி.சி. பைப் 60 ஆர்டர். வண்டியில் வந்தது 54. "மீதி ஆறு அடுத்த வண்டில வருதுண்ணே" என்று டிரைவர் குடோன் அண்ணனிடம் சொல்ல, அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பில் 60க்கு வந்தது. நான் 60க்கு எஃப்9 போட்டேன், 60க்குப் பணமும் போனது. அந்த அடுத்த வண்டி இன்றுவரை வரவில்லை. நாலு மாதம் கழித்து ஸ்டாக் எடுக்கும்போது கேட்டால், "உங்க ஆளு ஃபுல்லா வாங்குனதாத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்று சலான் நகலை அனுப்பினார்கள். அதற்கு மேல் என்ன பேச?

அதற்குப் பிறகுதான் ரிசீப்ட் நோட்டை ஆன் செய்தேன். இப்போது லோடு இறங்கியதும் குடோன் அண்ணன் எண்ணி எழுதிய சீட்டு என் மேசைக்கு வரும். ஆல்ட் எஃப்9 அழுத்தி, வந்தது எவ்வளவோ அதை மட்டும் போடுவேன். ஸ்டாக் அப்போதே ஏறிவிடும், சப்ளையர் கணக்கில் ஒரு பைசா ஏறாது. பில் வரும்போது, ரிசீப்ட் நோட்டையும் பில்லையும் இணைக்கிற அதே டிராக்கிங் நம்பரைக் கொடுத்து எஃப்9. பர்ச்சேஸ் ஆர்டர் 60, வரவு 54, பில் 60 என்றால் மூன்றும் ஒத்துப்போகாமல் பல்லைக் காட்டும். சரக்கு வந்து பில் வராதது, பில் வந்து சரக்கு வராதது இரண்டையும் 'பர்ச்சேஸ் பில்ஸ் பெண்டிங்' அறிக்கை தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். திங்கட்கிழமை காலையில் நான் முதலில் திறப்பது அதைத்தான், லாப நட்டக் கணக்கையெல்லாம் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்.

இதற்கு வரிப் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரே பில்லுக்கான சரக்கு தவணை தவணையாக வந்தால், கடைசித் தவணை வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பில்லுக்கு இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாம் என்பது ஜிஎஸ்டி சட்டம். 54 பைப்பை வைத்துக்கொண்டு 60க்கு இன்புட் எடுத்தது அன்றைக்கு எங்கள் தவறு. சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பியை ஒத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான்: 14ஆம் தேதி 2பி வரும், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து 2பியில் வராத பில்லுக்கு இன்புட் கிடையாது. ஆனால் சப்ளையர் ஏற்றிய பில் 2பியில் வந்துவிட்டது என்பதற்காகச் சரக்கு குடோனுக்கு வந்துவிட்டது என்று ஆகாதே. அதற்கு ரிசீப்ட் நோட்தான் சாட்சி.

சரி, மைனஸ் 310 கிலோவுக்கு வருகிறேன். பில் தாமதம் பாதிக் காரணம். மீதிப் பாதி கம்பியின் எடையிலேயே இருந்தது. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மில்லிலிருந்து வாங்குவது கிலோ கணக்கில், எடைமேடைச் சீட்டுப்படி. விற்பது இரண்டு விதம். கான்ட்ராக்டர் டன் கணக்கில் கேட்பார். வீடு கட்டுகிறவர் "எட்டு எம்எம் நாப்பது கம்பி போடுங்க" என்பார். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் எவ்வளவு என்பதற்கு மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுக்க வேண்டும். 8 மி.மீ.க்கு 64 வகுத்தல் 162, அதாவது 0.395. கம்பி நீளம் 12 மீட்டர். ஆக ஒரு கம்பி 4.74 கிலோ. டேலியில் யூனிட்டைக் கிலோ என்று வைத்து, கம்பிக் கணக்கில் விற்றால் 4.74ஆல் பெருக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் நிஜக் கம்பி அப்படியே 4.74 இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐ.எஸ். 1786 தரவிதிப்படி 10 மி.மீ. வரைக்கும் எடை 7 சதவீதம் கூடலாம், குறையலாம். எங்களுக்கு வருகிற 8 மி.மீ. பெரும்பாலும் நாலரைக் கிலோ பக்கம்தான் நிற்கும். ஆயிரம் கிலோ வாங்கினால் 222 கம்பி இருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்று 4.74 கிலோ என்று விற்றால் கணினியில் 1,052 கிலோ வெளியே போயிருக்கும். வாங்கியது ஆயிரம், விற்றது ஆயிரத்து ஐம்பத்திரண்டு! ஆறு லோடு போனால் முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். களவும் இல்லை, தப்பான பில்லும் இல்லை, பெருக்கல்தான் கூடிப்போனது.

இதை அண்ணாச்சியிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். "இது எங்கய்யா காலத்துலயே உள்ளதுதான தாயி. எடைக்கு வாங்கி எண்ணி வித்தா இந்தத் தொழில்ல கொஞ்சம் மிஞ்சும்." நாற்பது வருடமாக அவருக்குத் தெரிந்ததை நான் கணினியிடம் சொல்லவே இல்லை, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு லோடுக்கும் எடையோடு கம்பி எண்ணிக்கையையும் வரவுச் சீட்டில் எழுதச் சொல்லிவிட்டேன். அந்த லோடின் ஒரு கம்பி எடை என்னவோ அதை வைத்துத்தான் பில்லில் கிலோ போடுகிறோம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து, மிச்சமுள்ள ஏற்ற இறக்கத்தை ஃபிசிகல் ஸ்டாக் வவுச்சரில் சரிசெய்கிறேன். போன மாதம் வித்தியாசம் 11 கிலோ.

விற்பனைப் பக்கம் டெலிவரி நோட்டைத் தொட்டது பிளம்பர்களால். ஒரு பிளம்பர் வருவார், "அக்கா, எல்போ முப்பது, டீ இருபது, கப்ளிங் இருபது குடுங்க, மிச்சத்தத் திருப்பிக் கொண்டாறேன்" என்பார். எத்தனை திரும்பும் என்று அவருக்கே தெரியாது. முன்பெல்லாம் முழுசுக்கும் பில் போட்டுவிட்டு, திரும்பி வந்தவற்றின் தொகையைக் கழிக்கக் கிரெடிட் நோட் போடுவோம். மாதத்துக்கு நாற்பது ஐம்பது கிரெடிட் நோட். ஆடிட்டர் பார்த்துவிட்டு, "இது பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்கிற வகை. சலானில் அனுப்புங்கள், எடுத்துக்கொண்டதற்கு மட்டும் பில் போடுங்கள். ஆறு மாதம் தாண்டவிடாதீர்கள்" என்றார். இப்போது மூன்று பிரதி சலான், ஆல்ட் எஃப்8. ஸ்டாக் குறையும், பாக்கி ஏறாது. மீதி திரும்பினால் ரிஜெக்‌ஷன் இன் என்ற வவுச்சர், வைத்துக்கொண்டதற்கு எஃப்8. கிரெடிட் நோட் மாதத்துக்கு மூன்று நாலாகக் குறைந்துவிட்டது.

கம்பி, சிமெண்டில் இந்தச் சலுகை கிடையாது. விற்ற சரக்கு கடையை விட்டுக் கிளம்பும்போதே வரி பில் வேண்டும். ஜிஎஸ்டிக்கு முன்பு வாரம் முழுக்கச் சலானில் அனுப்பிச் சனிக்கிழமை மொத்தமாகப் பில் போட்டுப் பழகிய கடை இது. மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் வருட வியாபாரம் ஐந்து கோடியைத் தாண்டிய எல்லோருக்கும், பில்லை அரசுத் தளத்தில் பதியும் ஈ-இன்வாய்ஸ் வந்த பிறகு இன்னும் இறுக்கம். கடைக்குக் கடை போடும் பில்லில் தப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும், விட்டால் கிரெடிட் நோட்தான். ராத்திரி எட்டு மணிக்கு அன்றைய பில்களை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

பாக்கி வசூலில் டேலி எனக்குக் கொடுத்த நல்ல ஆயுதம், பாக்கியைப் பில் பில்லாகப் பிரித்துக் காட்டும் பில் வாரிக் கணக்கு. நான் அதைக் கெடுத்த கதையும் உண்டு. கான்ட்ராக்டர் ஐம்பதாயிரம் கொடுப்பார், எந்தப் பில்லுக்கு என்று சொல்ல மாட்டார். டேலி கேட்கும்: எந்தப் பில்லுக்கு எதிராக, அல்லது முன்பணமா, அல்லது எந்தப் பில்லிலும் சேர்க்காத ஆன் அக்கவுண்டா? ஆன் அக்கவுண்ட் என்று தட்டிவிட்டால் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் தட்டினேன். பிறகு ஒருநாள் பாக்கி லிஸ்டை எடுத்தால், எப்போதோ தீர்ந்துபோன பில் 400 நாள் பாக்கி என்று நிற்கிறது. அந்த லிஸ்டை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போன தம்பி நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது பணம் வாங்கும்போதே பழைய பில்லிலிருந்து கழிக்கிறேன் என்று சொல்லி, ரசீதில் பில் நம்பரை எழுதிவிடுகிறேன்.

பிரைமுக்கு மாறியதில் சாவிகள் மாறியதைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய பதிப்பில் கன்ட்ரோல் எஃப்8 கிரெடிட் நோட். பிரைமில் அது சேல்ஸ் ஆர்டர், கிரெடிட் நோட் ஆல்ட் எஃப்6க்குப் போய்விட்டது. ஒன்பது வருடம் பழகிய விரல் சும்மா இருக்குமா? முதல் வாரத்தில் இரண்டு ரிட்டர்ன்களைத் திரையின் தலைப்பைப் பார்க்காமல் சேல்ஸ் ஆர்டராகப் போட்டுவிட்டேன். ஆர்டர் வவுச்சர் ஸ்டாக்கையும் தொடாது, பாக்கியையும் தொடாது. திரும்பி வந்த எட்டு மூட்டை சிமெண்ட் கணக்கில் எங்குமே இல்லை. அண்ணாச்சியின் சிட்டையில் மட்டும் இருந்தது. அவர் இன்னும் அதை எழுதுகிறார், நானும் நிறுத்தச் சொல்வதில்லை.

சிமெண்டில் தீராத தலைவலி விலைதான். பில்லில் ஒரு விலை இருக்கும், கம்பெனியின் தள்ளுபடி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கிரெடிட் நோட்டாக வரும். அதுவரை டேலியில் மூட்டையின் அடக்கவிலை கூடுதலாகவே நிற்கும். நாங்கள் விற்கும் விலை அதைவிடக் குறைவு. மாத லாபத்தைப் பார்த்தால் சிமெண்டில் நட்டம் என்று சொல்லும், வருடக் கடைசியில் லாபம் என்று சொல்லும். இதற்காக வரவேண்டிய தள்ளுபடியை மாதாமாதம் ஒரு தனித்தாளில் மூட்டைக் கணக்கில் எழுதி வைக்கிறேன். அண்ணாச்சி விலை சொல்வதற்கு முன் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

2025 செப்டம்பரில் சிமெண்ட் வரி 28இலிருந்து 18க்கு இறங்கியபோது ஒரு வேலை மட்டும் சுலபமாக முடிந்தது. வரி விகிதத்தை ஒவ்வொரு சரக்கிலும் தனித்தனியாக வைக்காமல் சிமெண்ட் என்ற ஸ்டாக் குரூப்பிலேயே வைத்திருந்தேன். 22ஆம் தேதி முதல் என்று ஒரே இடத்தில் மாற்றினேன், எல்லாப் பிராண்டுக்கும் மாறிவிட்டது. 3ஆம் தேதி அறிவிப்பு வந்ததுமே "22க்கு அப்புறம் எடுத்துக்கிறோம்" என்று வாடிக்கையாளர்கள் போய்விட, கிட்டத்தட்ட மூன்று வாரம் கடை வெறிச்சோடியது. 28 வரி கொடுத்து வாங்கிய மூட்டைகளை 18க்கு விற்றதில் இன்புட் லெட்ஜரில் பணம் கொஞ்ச நாள் தேங்கியும் கிடந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆர்டர் வவுச்சரில் ஆரம்பிக்க வேண்டாம். ஆர்டர் பாதி போனிலும் வாட்ஸாப்பிலும்தான் நடக்கும், முதல் மாதமே சலித்துவிடும். ரிசீப்ட் நோட்டில் ஆரம்பியுங்கள். அதற்கும் முன்னால் குடோனில் இருப்பவருக்கு ஒரு எண் போட்ட சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுங்கள், எங்களுக்கு 50 தாள் புத்தகம் சரியாக இருக்கிறது.

துண்டுக் கம்பி மட்டும் இன்னும் என் கணக்கில் உட்காரவில்லை. பாதி நீளம் வெட்டிக் கேட்பார்கள், மீதி மூன்றடியும் நாலடியும் மூலையில் சேரும். கொத்தனார்கள் வந்து பத்து, பதினைந்து என்று பொறுக்கிப் போவார்கள். அதற்கென்று ஒரு சரக்குப் பெயர் தொடங்கி, ஒரு சரக்கை இன்னொன்றாக மாற்றிப் பதியும் ஸ்டாக் ஜர்னலில் வெட்டியதை வெட்டியதாகப் போட்டுப் பார்த்தேன். இருபது நாள் ஓடியது. அப்புறம் குடோன் அண்ணன், "தாயி, நான் கம்பிய வெட்டவா, சீட்ட எழுதவா?" என்று கேட்டுவிட்டார்.